பூதத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை ஒரு பூதம். கோபத்தில் சொல்லவில்லை. அக்கா புருஷனைப் பற்றி இப்படிச் சொல்கிற பெண்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, எனக்குத் தெரியும். நான் சொல்வது நிஜப் பூதம். தலையில் இரண்டு கொம்பு, கீழ்த்தாடையிலிருந்து மேலே வளைந்த இரண்டு கோரைப்பல், பச்சையும் சாம்பலும் கலந்த முரட்டுத் தோல், நின்றால் மாடி ஜன்னலில் எட்டிப் பார்க்கிற உயரம். ஆனால் இது அவருடைய கதை இல்லை. அவரைப் பற்றிப் பேப்பர்காரர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இது என் அக்காவைப் பற்றியது. அவளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. நான் எழுதினேன் என்று தெரிந்தால் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டாள். பேசாமல் இருக்கட்டும், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. அப்பா விட்டுப்போன கடை, பஸ் டெப்போவுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் டெப்போ கேட். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னால் நின்று ஃப்ரேம் விற்பேன். "இதைப் போட்டா உங்க வயசுல பாதி குறைஞ்சிடுது சார்" என்று முகத்தைப் பார்த்துக் கூசாமல் சொல்வேன். அக்கா கண்ணைச் சோதிப்பாள், லென்ஸ் தேய்ப்பாள், ஃப்ரேமில் பொருத்துவாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பிறவியிலேயே இடது கன்னத்தில் ஒரு மறு. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், உள்ளங்கை அகலத்துக்கு, மாதுளைச்சாறு கொட்டிக் காய்ந்த நிறத்தில் இருக்கும். அது இல்லையென்றால் அவளுக்கும் எனக்கும் ஒரே அச்சு. தெருவில் எங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் "என்ன பெரியவளே", "என்ன சின்னவளே" என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் தொடங்கி, அவள் எடுத்துக்கொண்ட படம் எல்லாவற்றிலும் வலது கன்னம்தான் இருக்கும். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் என் அக்கா பிறந்ததிலிருந்து யாரோ வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்தப் போட்டோவில் ஒன்றைப் பார்த்துத்தான் ஒருவர் பெண் பார்க்க வந்தார். நன்றாக உட்கார்ந்தார், நன்றாகத் தின்றார், அக்கா வந்து எதிரில் உட்கார்ந்ததும், "போட்டோவுல இது இல்லியே" என்றார். "போட்டோ அந்தப் பக்கம் எடுத்தது" என்று அக்கா பொறுமையாகப் பதில் சொன்னாள். வந்தவர் தட்டில் மிச்சமிருந்ததையும் முடித்துவிட்டுத்தான் எழுந்து போனார். அம்மா வாசல்வரை போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இவனுக்கென்ன தலையில கொம்பா முளைச்சிருக்கு?" என்று கத்தினாள். அம்மா வாயில் அன்றைக்கு எது உட்கார்ந்திருந்ததோ தெரியவில்லை.

அதற்கப்புறம் அக்கா யாரையும் வீட்டுப் படி ஏற விடவில்லை. கடையிலும் தன் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்துக்காக வேலை மேஜையை முன்பக்கக் கண்ணாடி ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தோம். அதில் வலது கன்னம் கடைக்குள்ளேயும் இடது கன்னம் சாலைப் பக்கமும் இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். கடைக்கு வருகிறவர்கள்தானே நின்று நிதானமாகப் பார்ப்பார்கள், சாலையில் போகிறவனுக்கு அவனவன் அவசரம் என்பது அவள் கணக்கு. அந்த நாற்காலியிலேயே நாற்பதைத் தொட்டுவிட்டாள்.

இப்போது பூதத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளத்தில் ஆற்றுப்பாலத்தின் தூண் உள்வாங்கிவிட்டது. பாலத்தின் நடுவில் ஒரு பஸ், பஸ் நிறைய ஜனம். மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்த இவர் ஆற்றில் நின்று, பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, கடைசி ஆள் இறங்கிக் கரையேறும்வரை அசையாமல் நின்றார். அந்தக் கடைசி ஆள் எங்கள் அம்மா. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன் என்று திரும்ப உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்ததால் கடைசியானாள். பூதம் அதுவரைக்கும் பாலத்தைப் பிடித்திருந்தார்.

ஊரே அவரை வீரன் என்று கொண்டாடியது. மேடை போட்டார்கள், பேசினார்கள், பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தைக் குத்துவதற்குச் சட்டை இல்லாததால் சுண்டுவிரல் நகத்தில் மாட்டிவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பஸ் டெப்போவில் ஒரு வேலை கொடுத்தார்கள். மெக்கானிக்குகள் அடியில் படுத்து வேலை செய்ய, இவர் பஸ்ஸின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் வீரன் என்கிற பேர் போய் 'ஜாக்கி' என்கிற பேர் வந்துவிட்டது. அவருக்கு அது பிடித்திருந்தது. வீரனோடு யாரும் டீ குடிக்கவில்லை, ஜாக்கியோடு குடித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கடை வாசல் இருண்டது. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஒரு கண் இருந்தது. குனிந்து எட்டிப் பார்க்கிறார். நான் பயப்படவில்லை. என் கையிலிருந்த ஃப்ரேம் தட்டு தானாக விழுந்தது.

"கண்ணு பாக்குறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடின.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். "என்ன தொந்தரவு உங்களுக்கு?"

"கிட்ட வந்தா எல்லாம் கலங்குது. டீ கிளாஸை எடுக்கப் போயி நசுக்கிடறேன். டெப்போல சட்டை தச்சுக் குடுத்தாங்க, பட்டன் போட முடியல."

"தூரத்துல?"

"தூரத்துல ஒரு குறையும் இல்ல. அதோ மூலையில திரும்புதே பஸ்ஸு, நம்பர் சொல்லட்டுமா?"

சொன்னார். பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் எங்களுக்கு அது சரி என்று தெரிந்தது.

உள்ளே கூட்டிவந்து சோதிக்க வழியில்லை. அக்கா எழுத்துப் பலகையைக் கடைக்கு வெளியே மாட்டிவிட்டு, அவரைச் சாலைக்கு அந்தப் பக்கம் டெப்போ கேட்டில் போய் நிற்கச் சொன்னாள். கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்த அச்சகத்தின் பேரையும் படித்தார். அத்தனை வருஷம் அந்தக் கடையில் இருந்தும் அங்கே ஒரு பேர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தூரப்பார்வை பிரமாதமா இருக்கு" என்றாள் அக்கா. பிறகு அவரைத் திரும்ப இந்தப் பக்கம் வரவழைத்துத் தரையில் உட்காரச் சொல்லி, ஏணியைப் போட்டு ஏறி, அவர் கண்ணுக்கு நேரே ஒரு அட்டையைப் பிடித்தாள்.

"என்ன தெரியுது?"

"வெள்ளையா ஏதோ இருக்கு."

"அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"அட்டையா? உங்க கைன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கங்க டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல. கண்ணாடிக் கடைக்காரி."

"சரிங்க டாக்டர்."

அக்கா ஒவ்வொரு லென்ஸாகக் கையில் பிடித்து அவர் கண்ணுக்கு முன்னால் வைத்து வைத்து எடுத்தாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி வேலையில்தான் கவனித்தேன். அவளுடைய இடது கன்னம் அவர் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் திரும்பிக்கொள்ளவில்லை, முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. இவருக்குத்தான் கிட்டத்தில் ஒன்றும் தெரியாதே என்கிற தைரியம். அப்படி நிமிர்ந்து ஒருவர் முகத்துக்கு முன்னால் அவள் நின்று நான் பார்த்ததே இல்லை.

கண்ணாடி செய்வது பெரிய கூத்தாகிவிட்டது. அவருக்குக் காது உச்சந்தலையில், அதனால் காதில் மாட்ட முடியாது, கொம்பில்தான் மாட்ட வேண்டும். டெப்போ வெல்டர் ஒரு பழைய பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியை வளைத்து ஃப்ரேம் செய்து கொடுத்தார். மூக்கில் உறுத்தாமல் இருக்க ஜன்னல் ரப்பரை வெட்டி ஒட்டினோம். டீத்தட்டு அளவில் லென்ஸ் வேண்டும் என்று வெளியூர்ப் பட்டறைக்கு அக்கா சொல்லி அனுப்பினாள்.

"லென்ஸ் வர வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று அவரிடம் சொன்னாள்.

"பொறுத்துக்கிட்டா போச்சு" என்றார் அவர்.

தினம் சாயங்காலம் டெப்போ வேலை முடிந்ததும் சாலையைத் தாண்டி வருவார். கடை வாசல் நடைபாதையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்வார். அப்படி உட்கார்ந்தால்தான் படியில் நிற்கிற அக்கா ரொம்ப அண்ணாந்து பார்க்காமல் அவரோடு பேச முடியும். "லென்ஸ் வந்துச்சா டாக்டர்?" என்பார். "இன்னும் வரல" என்பாள். அதோடு முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம். நான் அவருக்கு வாளியில் டீ கொண்டுவந்து வைப்பேன். இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். கண் சோதனைக்கு வந்து, பலகையில் எழுத்தே இல்லை என்று சத்தியம் செய்த ஆளைப் பற்றி இவள் சொல்வாள். பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடியே தூங்கிப்போன மெக்கானிக் எழுந்திருக்கும்வரை பஸ்ஸைத் தூக்கிக்கொண்டே நின்ற கதையை அவர் சொல்வார். "எழுப்பியிருக்கலாமே?" என்று கேட்டால், "பாவம், ராத்திரி ஷிப்ட் பாத்தவன்" என்பார். அவர் சிரித்தால் கடையில் ஃப்ரேமெல்லாம் கீழே விழும். அவர் சிரிப்பதை நிறுத்தினால்தானே நான் பொறுக்கி முடிக்க முடியும்? இருவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், நான் பொறுக்கிக்கொண்டே இருப்பேன்.

அக்கா நல்ல புடவையாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

"கிட்டத்துல கண்ணே தெரியாதவருக்கு எதுக்குடி இந்த அலங்காரம்?" என்றேன்.

"எனக்காகக் கட்டறேன், உனக்கென்ன?"

"எனக்கென்ன. இஸ்திரி போடறது நான்தானே, அதான் கேட்டேன்."

அம்மாவின் காதுக்கும் விஷயம் போனது. போகாமல் இருக்குமா, கொண்டுபோனதே நான்தான். அம்மா மூக்கைச் சிந்தவில்லை, மயங்கி விழவில்லை. "அவர் என் உயிரைக் காப்பாத்தினாரு, ஒத்துக்கறேன். அதுக்காகப் பொண்ணைக் குடுக்கணும்னு சட்டமா? அது வேற, இது வேற" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஏண்டி, அந்த டெப்போ வேலை பர்மனென்ட்டா?" என்று கேட்டாள்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. லென்ஸ் வந்தபாடில்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பாவம் ஒரு மனுஷன், சரி, ஒரு பூதம், தினம் வந்து கேட்டுவிட்டுப் போகிறது, இந்தப் பட்டறைக்காரன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து போனைப் போட்டேன். அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த லென்ஸா மேடம், அது எப்பவோ வந்து சேர்ந்துடுச்சே. உங்க அக்காவே வாங்கிக்கிட்டேன்னு போன்ல சொன்னாங்க, ரொம்ப நல்லா வந்திருக்குன்னாங்க" என்றான் அவன்.

அக்காவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அடியில், துணியில் சுற்றி, கண்ணாடி இருந்தது. லென்ஸ் மட்டும் இல்லை, முழுக் கண்ணாடி. ஓரம் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, ஒரு தூசு இல்லாமல் துடைத்து வைத்திருந்தாள்.

அவள் திரும்பி வந்ததும் அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது என்ன?"

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பச்சைப் புளுகுடி அக்கா! தினம் அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்து வரல வரலன்னு. எனக்கே அவ்வளவு தைரியம் வராது."

"போட்டுக்கிட்டா என்னைப் பார்ப்பாரு" என்றாள்.

"பார்க்கட்டுமே. பார்க்கறதுக்குத்தானே கண்ணாடி."

"உனக்குப் புரியாது." கண்ணாடியைத் திரும்பத் துணியில் சுற்றினாள். "இந்தக் கொஞ்ச நாளாத்தான் எந்தப் பக்கம் திரும்பி நிக்கறோம்னு யோசிக்காம நான் ஒருத்தர்கிட்ட பேசறேன். இதை மாட்டி விட்ட உடனே அவருக்கு முதல்ல தெரியப்போறது என் மூஞ்சிதான். அதுக்கப்புறம் அவர் மூஞ்சி மாறும். மாறாத மாதிரி காட்டிக்குவாரு, நல்லவர். அதை நான் பார்க்கணும். என்னால முடியாதுடி. அவரை எனக்குப் பிடிச்சிருக்கு."

நான் திட்டுவதற்கு எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டேன். "லூசு" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு ஃப்ரேம் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா அழுதால் எனக்கும் வரும், சின்ன வயதிலிருந்தே இந்தக் கண்றாவி உண்டு.

கண்ணாடி திரும்ப இழுப்பறைக்குள் போனது. அங்கேயே கிடந்திருக்கும். ஆனால் மறுநாள் டெப்போவில், வேலை முடிந்து பஸ்ஸை இறக்கும்போது, ஒரு மெக்கானிக் கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறான். காலடியில் இருந்த கை ஜாக்கிக்குத் தெரியவில்லை. யாரோ கத்தியதால் அவன் கையை இழுத்துக்கொண்டான். ஸ்பானர் மட்டும் தகடானது. ஃபோர்மேன் நல்ல மனிதர்தான், இருந்தாலும், "கண்ணாடி போட்டுக்கிட்டு வா ஜாக்கி. அது வரைக்கும் பஸ்ஸைத் தொடாதே. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலை என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் லென்ஸ் வந்ததா என்று கேட்கவில்லை. டீ வாளியைத் தொடவில்லை. உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

"ஒருத்தன் கையை எடுத்திருப்பேன் டாக்டர்" என்றார். "சின்னப் பிள்ளைக்காரன். எனக்கு பன்னு வாங்கிக் குடுக்கறவன்."

அக்கா படியில் நின்றபடி புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர். "லென்ஸ் லேட்டாகுதேன்னு உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். தூரத்துல நிக்கறவங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க, கை காட்டுவாங்க. கிட்ட வந்தா என்ன மூஞ்சி வச்சிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லதுன்னு இருந்தேன். ஒரே ஒரு மூஞ்சியை மட்டும் கிட்டத்துல பார்க்கணும்னுதான் கண்ணாடி கேட்டு வந்தேன். அது பயந்த மூஞ்சியா இருந்துட்டா என்ன பண்றதுன்னு அதுவும் பயம்."

எந்த மூஞ்சி என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் போல் நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அடக்கிக்கொண்டேன்.

"காலையில வாங்க" என்றாள் அக்கா. "லென்ஸ் வந்துடும். நானே மாட்டி விடறேன்."

காலையில் குளியலறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. கன்னத்தில் மறு இல்லை. என்னுடைய முகப்பூச்சு ட்யூப் ஒன்று முழுசாகத் தீர்ந்துபோயிருந்தது. அப்பி, அதன்மேல் பவுடர் போட்டு, சுவர் பூசுகிறவன் தோற்றான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் காலி ட்யூபை இன்னும் பிழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, காதோரம் விட்டுப்போன இடத்தில் நானே கொஞ்சம் பவுடர் பூசிவிட்டேன்.

டெப்போவே கேட்டில் வந்து நின்றது. ஃபோர்மேன், வெல்டர், பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஒரு டிரைவர், பஸ்ஸுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற ஜனம். அம்மாவும் வந்திருந்தாள், மழை இல்லாவிட்டாலும் அந்தக் குடையோடு. ஜாக்கி சட்டையைத் தோளில் மட்டும் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். நான் ஏணியைப் பிடித்தேன். அக்கா ஏறினாள். வாயைத் திறந்தால் பூச்சு வெடித்துவிடும் என்பது போல் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியை மெதுவாக மூக்கில் வைத்தாள். இரண்டு கம்பியையும் இரண்டு கொம்பில் மாட்டினாள். கையை எடுத்தாள்.

அவர் கண்ணைச் சிமிட்டினார். லென்ஸுக்குப் பின்னால் அந்தக் கண் பெரிதாகிக்கொண்டே வந்தது. எதிரில் இருந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது. நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தங்கச்சிதானே?" என்று மரியாதையாகக் கேட்டார். "அக்கா வரலியா? அவங்கதான் மாட்டி விடறேன்னு சொன்னாங்க."

மேலே அக்கா அசையாமல் நின்றாள்.

"வராம இருந்துட்டாங்களா?" என்றார் மறுபடியும். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "பரவாயில்ல. அவங்க வந்த பிறகே போட்டுக்கறேன். முதல்ல அவங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்."

கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினார். அக்கா அந்த விரலைப் பிடித்து நிறுத்தினாள். இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியை உருவினாள். லென்ஸ் துடைக்கிற துணி அது, அதில் தன் கைவிரலைக்கூடத் துடைக்க விடமாட்டாள். அதை வைத்துக் கன்னத்தைத் தேய்த்தாள். முதலில் பவுடர் போனது, பிறகு பூச்சு. அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில், அத்தனை வருஷம் மூடிவைத்த கன்னத்தை, நல்ல வெயிலில், அவளே துடைத்துத் திறந்தாள்.

"ஹப்பா, வந்துட்டீங்களா டாக்டர்" என்றார் ஜாக்கி. விட்ட மூச்சில் அம்மாவின் குடை மடங்கிக்கொண்டது.

"இது..." அக்கா கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்ன? தினம் பார்க்கறதுதானே." சாலைக்கு அந்தப் பக்கம் டெப்போவைக் காட்டினார். "பஸ்ஸைத் தூக்கிட்டு நின்னா எனக்கு வேற என்ன வேலை? நேரா உங்க ஜன்னல்தான். வேலை செய்யும்போது நீங்களே பேசிக்குவீங்க. தப்பாப் போனா நாக்கைக் கடிச்சுக்குவீங்க. கிட்ட வந்தாத்தான் கலங்கிப் போயிடறீங்க, அதான் கண்ணாடி கேட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூரத்துல எனக்கு நல்லாத் தெரியுதுன்னு டெஸ்ட் பண்ணிச் சொன்னதே நீங்கதானே டாக்டர்?" என்றார்.

விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்பார்கள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது என் அக்கா போட்டுவிட்ட கண்ணாடி. தூரத்தில் தெரியும், கிட்டத்தில் தெரியாது என்று எத்தனை பேருக்கு உட்காரவைத்து விளக்கியிருப்பாள். இவருக்கும் அவளேதான் பலகையை மாட்டி, அவளேதான் படிக்கச் சொல்லி, அவளேதான் பவர் முடிவு பண்ணினாள். அவர் நாள் முழுக்க நிற்கிற இடத்துக்கும் தன் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாலைதான் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமிருந்து ஒளித்த கன்னத்தைத்தான் தினமும் அவருக்கு நேரே திருப்பி வைத்திருந்திருக்கிறாள். எனக்கும்தான் எட்டவில்லை. நான் அவள் தங்கைதானே, வேறு எப்படி இருப்பேன்?

அவர் ஒரு விரலை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார். "இந்த ஓரத்துல ஒரு சின்ன வளைவு இருக்கே. இது அங்கேருந்து தெரியல. நல்லா இருக்கு." அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டார், "நீங்க பயப்படலியே?"

"பயந்தேன்" என்றாள் அக்கா. "உங்களைப் பார்த்து இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஏணி ஆடியது. ஆட்டியது நான்தான், அழும்போது எனக்குத் தோள் குலுங்கும். டெப்போ கேட்டில் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, இருந்தும் தட்டினார்கள்.

அந்தச் சத்தமெல்லாம் அடங்கியதும் அம்மா முன்னால் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு, கழுத்து வலிக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தாள். "அதெல்லாம் சரி மாப்பிள்ளை. வேலை பர்மனென்ட்டா?"

"கண்ணாடி போட்டா பர்மனென்ட்டும்மா" என்று பின்னாலிருந்து ஃபோர்மேன் பதில் சொன்னார்.

இப்போது அவர்கள் டெப்போவுக்குப் பின்னால், பழைய பஸ் நிறுத்துகிற கொட்டகையில் இருக்கிறார்கள். கதவுக்குப் பதில் ஷட்டர். உள்ளே ஒரு பாதி அவருக்கு, ஒரு மூலை அக்காவுக்கு. அம்மா போனால், "என்ன வீடு இது, ஹாரன் அடிச்சுட்டு வரணும் போல இருக்கு" என்று புலம்பிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே இருந்துவிட்டு வருவாள். மாமாவுக்குச் சட்டை பட்டன் போட வந்துவிட்டது. ஆனாலும் போடத் தெரியாத மாதிரி அக்கா முன்னால் போய் நிற்பார், அவளும் ஏணியை எடுத்துக்கொண்டு வருவாள். இந்த நாடகத்தைப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

கடையில் அவள் நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. வலது கன்னம் எங்களுக்கு, இடது கன்னம் சாலைக்கு. ஒருநாள் வெளிச்சம் சரியில்லை என்று நான் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். அவள் வந்து, திரும்பப் பழையபடியே நகர்த்தி உட்கார்ந்தாள். எதிரே டெப்போவில் மாமா பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்டால் தூரம் கலங்குமே, அதனால் அதைக் கழற்றிக் கொம்பில் தொங்கவிட்டிருந்தார். பஸ்ஸை இறக்குகிற நேரம் வந்தால்தான் எடுத்து மாட்டிக்கொள்வார். அது வரைக்கும் கண் இங்கேதான்.